அக்காவின் வலது கால்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கொல்லை அறையை ஒழித்தபோது அந்த நாற்காலி வெளியே வந்தது. பூவரசு மரம். உட்காரும் பலகையின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. தொடையில் உறுத்தக் கூடாதென்று அதன் விளிம்பை ஆசாரி உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார். பெயின்ட் அடிக்க வந்த பையன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூந்தொட்டி வைக்கிற ஸ்டாண்டா சார்?" என்று கேட்டான். அவன் பிறந்து வளர்ந்த வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்திருக்கும். அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று எங்கள் தெருவில் அது இருந்தது ஒரே வீட்டில்தான், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில். மற்ற எல்லார் வீட்டிலும் குந்தி உட்காருகிற கோப்பைதான். சென்னையில் அக்காவுக்குக் கால் ஆபரேஷன் முடிந்து, "இனிமே குந்தி உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அப்பா ஊருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டார். தரையிலிருந்து பலகை எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கும் அதில் இருந்தது. நாங்கள் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது கோப்பைக்கு மேல் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தது. ஆசாரி கூலி வாங்கவில்லை.

அக்கா அப்போது கும்பகோணத்தில் கல்லூரிக் கடைசி வருஷம். தினமும் பஸ்ஸில் போய்வருவாள். வலது முழங்காலுக்கு மேலே வலி என்று முதலில் சொன்னபோது, பஸ்ஸில் நின்றுகொண்டே போவதால் என்று அம்மா நினைத்தாள். பகலில் பொறுத்துக்கொள்வாள், ராத்திரி தூங்க முடியாது. வாயுப்பிடிப்பு என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். சுளுக்கு என்று இன்னொருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். பிறகு கட்டு வைத்தியம். முட்டை வெள்ளைக்கருவையும் உளுத்தமாவையும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். கட்டை அவிழ்த்தபோது முட்டிக்கு மேலே உருண்டையாக வீங்கியிருந்தது. தோலைத் தொட்டால் சூடு. நீவ நீவ உள்ளே இருப்பது கிளறப்படுகிறது என்பதை எங்களுக்குச் சொல்ல அன்று ஆளில்லை. காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் இருக்கும் எலும்பு வலியை, அதிலும் ராத்திரி வலியை, ஒரு எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் தொடவே விடக் கூடாது என்று இன்றைக்கு யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். சிலருக்கு அது தொல்லையாகக்கூட இருக்கலாம்.

தஞ்சாவூரில் எடுத்த எக்ஸ்ரேயில், தொடை எலும்பின் கீழ்முனையில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. எலும்பின் வெளிச்சுவர் மெலிந்து ஒரு பக்கம் உடைந்திருந்தது. அங்கிருந்து சென்னை. சதை எடுத்துப் பார்த்து, ஜயண்ட் செல் டியூமர் என்றார்கள். எலும்பு வளர்ந்து முடிந்த வயதில், பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில், மூட்டை ஒட்டி வருகிற கட்டி. முழங்கால் பக்கம்தான் அதற்குப் பிடித்த இடம். மேலை நாடுகளில் வருவதைவிட நம் பக்கத்தில் அதிகம். அநேகமாக அது புற்றுநோய் இல்லை. ஆனால் எலும்பைத் தின்னும், சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும், அபூர்வமாக நுரையீரலுக்கும் போகும். சிறிதாக இருந்தால் சுரண்டிவிட்டு அந்தக் குழியில் எலும்பு சிமென்ட் நிரப்புவார்கள். அக்காவுக்கு அது எலும்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒன்று தொடையோடு காலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டி இருக்கிற எலும்பை முழங்கால் மூட்டோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தால் செய்த எலும்பையும் மூட்டையும் பொருத்த வேண்டும்.

ஊரில் பாதிப் பேர் காலை எடுத்துவிடச் சொன்னார்கள். சுதா சந்திரனின் 'மயூரி' படம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. "ஜெய்ப்பூர் கால் வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு நாட்டியமே ஆடுது, நம்ம பொண்ணு நடக்காதா?" என்று பெரியப்பா கேட்டார். அன்பில்தான் கேட்டார். உள்ளே இரும்பை வைத்து அது சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

அக்காதான் முடிவு சொன்னாள். "என் பாதம் எனக்கு வேணும்ப்பா. மண்ணு சுடுதா குளிருதான்னு அதுக்குத் தெரியணும்."

இந்த வைத்தியத்தின் கதையைப் பிற்பாடு தேடித் தேடிப் படித்தேன். 1940இல் அமெரிக்காவில் ஆஸ்டின் மூர், ஹரால்ட் போல்மன் என்ற இரண்டு டாக்டர்கள், தொடை எலும்பின் மேல்பகுதியில் இதே ஜயண்ட் செல் கட்டி வந்த ஒருவருக்கு விட்டாலியம் என்ற உலோகக் கலவையில் எலும்பு செய்து வைத்தார்கள். அக்காவுக்கு வந்த அதே நோய்க்குத்தான் இதற்கு முதல் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது அந்தப் பக்கத்தை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இங்கிலாந்தில் ஸ்டான்மோர் மருத்துவமனை இதில் பல பத்தாண்டுகள் உழைத்தது. ஆனால் வெளிநாட்டு மூட்டின் விலையை எங்களைப் போன்ற குடும்பங்கள் கனவிலும் நெருங்க முடியாது. 1980களின் பிற்பகுதியில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் ஒவ்வொரு நோயாளியின் எலும்புக்கும் அளவெடுத்து, இங்கேயே செய்வித்துப் பொருத்தத் தொடங்கினார். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்று நினைத்தால் அந்த விருது எனக்குப் போதவில்லை. அக்காவுக்குச் செய்தது வேறொரு ஆஸ்பத்திரியில், வேறொரு டாக்டர். ஆனாலும் அவர் கைக்கு அந்த மூட்டு கிடைத்தது, சென்னையில் அதைச் செய்ய ஆட்கள் உருவாகியிருந்ததால்தான்.

அளவெடுத்த விதம் நினைவிருக்கிறது. காலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் எலும்பு கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்பதால் அந்தக் கோலை வைத்துக் கணக்குப் போட்டுச் சரி செய்வார்கள். அதை வைத்து வரைபடம், பிறகு பட்டறை. சில வாரங்கள் சைதாப்பேட்டையில் சித்தி வீட்டில் காத்திருந்தோம். அப்பா இரண்டு மா நிலத்தை விற்ற பணம் அம்மாவின் மஞ்சள் பையில் இருந்தது. அதைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் டாக்டர் அதை அப்பாவிடம் காட்டினார். ஊரில் எல்லாரும் சொல்வது ராடு என்று. ஆனால் அது வெறும் ராடு இல்லை. துருப்பிடிக்காத எஃகு, முகம் தெரிகிற பளபளப்பு. மேலே எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் சிமென்ட் வைத்து நுழைக்க ஒரு நீண்ட தண்டு. நடுவில் வெட்டிய எலும்புக்குப் பதிலாகக் கனமான பாகம். கீழே கதவுக்குக் கீல் போல ஒரு மூட்டு, அதன் அச்சுக்கம்பியைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் புஷ். அதற்கும் கீழே கணைக்கால் எலும்புக்குள் இறங்குகிற இன்னொரு தண்டு. அப்பா ரைஸ் மில்லில் ஃபிட்டர். இரண்டு கையாலும் வாங்கி எடை பார்த்தார். மூட்டை மடக்கி நீட்டினார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு, "டாக்டர் சார், இந்த புஷ் தேயுமே, தேஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவை உட்காரச் சொன்னார். தேயும், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம், அது சின்ன ஆபரேஷன்தான் என்றார். அப்பா அடுத்துக் கேட்டது வரைபடத்தின் ஒரு நகல். தரலாமா கூடாதா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. யாரும் அதுவரை கேட்டதில்லை. இரண்டு நாள் கழித்து அம்மோனியா வாடையோடு ஒரு நீல அச்சு வந்தது. அதை அப்பா நான்காக மடித்து, அக்காவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

வார்டில் அடுத்த கட்டிலில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், பதினாறு வயது இருக்கும். அவனுக்கு வந்தது ஆஸ்டியோசார்கோமா, எலும்புப் புற்றுநோய். வளரும் பிள்ளைகளைத்தான் அது அதிகம் தேடிப் பிடிக்கிறது. ஒரு காலத்தில் காலை எடுத்தாலும் ஐந்தில் நான்கு பேரை அது கொண்டுபோய்விடும். ஆபரேஷன் நாளிலேயே கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போயிருக்கும். 1970களுக்குப் பிறகு கீமோதெரபி வந்து கணக்கை மாற்றியது. வேறெங்கும் பரவாத நிலையில் வருகிறவர்களில் பத்தில் ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். அவனுக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏறும். அது ஏறி முடிவதற்குள் வாந்தி தொடங்கிவிடும். வாந்தி இல்லாத நாட்களில் அக்காவோடு சேர்ந்து தொடைப் பயிற்சி செய்வான். யார் அதிக நேரம் காலைத் தூக்கிப் பிடிப்பது என்று போட்டி. அக்கா பல தடவை வேண்டுமென்றே தோற்றாள்.

அவன் நடந்துதான் வீட்டுக்குப் போனான். நுரையீரலில் மறுபடி வந்தது. உப்பளத்தில் வேலை செய்த அவன் அப்பாவிடமிருந்து அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. காரியங்கள் முடிந்த விவரம் எழுதி, எலும்பு பொறுக்கும்போது சாம்பலில் அந்த மூட்டு முழுசாகக் கிடைத்ததென்றும், நன்றாகக் கழுவித் துணியில் சுற்றி வைத்திருப்பதாகவும், நிறைய விலை ஆயிற்றே, வேறே ஏழைப் பிள்ளைக்கு ஆகுமா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஆகாது. அவன் எலும்புக்கு என்று அளவெடுத்தது. நெருப்பில் வேறு வெந்தது. அதை எப்படி எழுதுவது என்று அப்பா இரண்டு மூன்று இன்லாண்டு லெட்டரைக் கிழித்துப் போட்டார். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய மனசோடு யாரும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா ஊருக்கு வந்ததும் வீட்டில் எல்லாம் தரையில் இருந்தது. சாப்பாடு தரையில், படுக்கை தரையில், அரிவாள்மணை தரையில், ஆட்டுக்கல் தரையில். கோலமும் குனிந்து போடுவதுதான். அவளுக்கு முழங்கால் தொண்ணூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மடங்கும். அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது. ஆக, வீடு மேலே எழும்ப வேண்டியதாயிற்று. முதலில் கட்டில் வந்தது. பிறகு சமையலறையில் கடப்பைக்கல் மேடை. அரிவாள்மணையை அம்மா பரணில் போட்டுவிட்டுக் கத்தியால் காய் நறுக்கக் கற்றுக்கொண்டாள். முருங்கைக்காயை மட்டும் நீண்ட நாள் அவளால் ஒழுங்காக நறுக்க முடியவில்லை. அப்பா அக்காவுக்குத் துணையாக மேசையில் சாப்பிட ஆரம்பித்தார். இன்றைக்கு ஊரே அப்படி ஆகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் தரைப் பந்தியைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! கோயில் பிராகாரத்தில்கூட பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் தனியாக நாற்காலி போட்டதை எல்லாரும் திரும்பிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது என்பதே அவள் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். பிசியோ சொல்லிக் கொடுத்த அந்தப் பாடத்தை எங்கள் வீட்டில் எல்லாரும் படித்தோம். இப்போதும் என்னையறியாமல் மாடிப்படியில் அந்தக் கணக்கில்தான் கால் வைக்கிறேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது, மெல்ல விந்திதானே நடக்கிறாள், கீழே விழுந்த அடி என்று சொல்லிவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அப்பா ஒப்பவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்த கையோடு எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். பலர் காபியோடு எழுந்து போனார்கள். அத்தான் வீட்டில் மட்டும், அவருடைய அம்மா படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "வலிக்குமாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். மணவறையில் சம்மணம் போட முடியாதே என்று இரண்டு உயரமான முக்காலி போட்டோம். ஐயர் முணுமுணுத்தார். அத்தான், "எனக்கும் முக்காலி வசதியாத்தான் இருக்கு, நீங்க மந்திரத்தைச் சொல்லுங்க" என்றார். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற மனிதர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கால் வீட்டில் பேச்சாகவே இல்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ரேஷன் கடை க்யூ, பள்ளிக்கூட ஆண்டு விழா, திருப்பதியில் காத்திருப்பு என்று எல்லாவற்றுக்கும் அது போய்வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய்க் காட்டுவது மட்டும் முதலில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாகி, பிறகு நின்றுபோனது. வலி இல்லாதவர்கள் டாக்டரிடம் போவதில்லை. இந்தக் கால் வைத்தவர்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது அதைத்தான். ஆபரேஷன் செய்த நாளை எல்லாரும் நினைவு வைத்துக்கொள்கிறோம். கட்டி போயிற்று, கால் பிழைத்தது என்று கதையை அங்கேயே முடித்தும்விடுகிறோம். ஆனால் அந்தக் காலின் வாழ்க்கை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. எஃகு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளாது. அதைப் பிடித்திருக்கிற எலும்புக்கோ வயது ஏறுகிறது.

ஒருநாள் அக்கா நடக்கும்போது "டக், டக்" என்று சத்தம் கேட்டது. முட்டி பக்கவாட்டில் ஆடியது. அப்பா அவளை நாலடி நடக்கவிட்டுக் கேட்டார். "புஷ் போயிருச்சு" என்றார். சென்னையில் எக்ஸ்ரே எடுத்து அதையேதான் சொன்னார்கள். மாற்றுவது சுலபம். ஆனால் மூட்டைச் செய்த பட்டறை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்துப் பதிவேடு கிடைக்கவில்லை. பெயர் பெயராக மூட்டை விற்கிற இன்றைய கம்பெனிகளின் புஷ் எதுவும் அந்த அச்சுக்குப் பொருந்தாது. புஷ்ஷுக்காக முழு மூட்டையும் மாற்ற வேண்டி வருமோ என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த நீல அச்சைக் கொண்டுவந்து டாக்டர் மேசையில் விரித்தார். மடிப்புகளில் கிழிந்திருந்தது, எண்கள் படிக்கிற நிலையில் இருந்தன. வேறொரு பட்டறையில் அந்த அளவுக்குப் புதிய புஷ் கடைந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் தவறாமல் போகத் தொடங்கினோம். அப்படிப் போன ஒரு தடவை, படித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் பெண் ஒருத்தி அச்சடித்த தாளோடு வந்து அக்காவிடம் கேள்வி கேட்டாள். எலும்புக் கட்டி ஆபரேஷன் செய்தவர்களுக்கு உலகம் முழுக்க வைக்கிற மதிப்பெண் அது. வலி, வேலை செய்யும் திறன், மனம் ஏற்றுக்கொண்டதா, தாங்குகோல் தேவையா, எவ்வளவு தூரம் நடக்க முடியும், நடை எப்படி என்று ஆறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து, மொத்தம் முப்பது. வலிக்கு அக்கா யோசிக்காமல் பதில் சொன்னாள். மூன்றாவது கேள்வியை அந்தப் பெண் தயங்கித் தயங்கித் தமிழ்ப்படுத்தினாள். "இந்தக் காலை நீங்க மனசார ஏத்துக்கிட்டீங்களாம்மா?"

"என்ன கண்ணு கேக்கறே? என் மாமியார் வந்து போயாச்சு, என் புள்ளைங்க வளர்ந்தாச்சு, இது கூடவே இருக்கு. மார்கழியில மட்டும் உள்ளுக்குள்ள சில்லுன்னு இருக்கும், அப்ப ஒரு போர்வை சுத்துவேன். இதுக்கு மேல என்ன ஏத்துக்கிறது?"

அந்தப் பெண் ஐந்து போட்டாள். மொத்தம் இருபத்து நான்கு வந்ததாக நினைவு. போன குறைச்சல் எல்லாம் நடையிலும் வேலையிலும். அந்தத் தாளில் குந்தி உட்காருவதற்கோ, தரையில் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வதற்கோ கேள்வி இல்லை. அந்தக் கேள்விகளை எழுதியவர்கள் நாற்காலி நாட்டுக்காரர்கள்.

பல ஊர் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் சேர்த்த கணக்குகளைப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கால் கடைசிவரை நிற்கிறது. ஆனால் முதலில் வைத்த மூட்டே கடைசிவரை நிற்பதில்லை. இருபது வருஷம் தாண்டும்போது ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு மறு ஆபரேஷனாவது ஆகியிருக்கும். எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று ஹென்டர்சன் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011இல் ஐந்து வகையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று டாக்டர்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். சுற்றியுள்ள தசையும் நாரும் விட்டுப்போவது, எலும்புப் பிடியிலிருந்து தண்டு தளர்வது, உலோகமோ எலும்போ முறிவது, கிருமி சேர்வது, கட்டி திரும்புவது. இதில் மிகக் கொடியது கிருமிதான். உலோகத்தின் மேல் அது படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரை ஊசிக்கு அசையாது. மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்டை அந்த இடத்தில் வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கிருமி போனது உறுதியானால் புதிதாக வைக்க வேண்டும். சிலருக்குக் கால் போவது இதனால்தான். அக்கா பல் பிடுங்கப் போனாலும் முதலில், "என் கால்ல ராடு இருக்கு டாக்டர்" என்று சொல்வது அதற்காகத்தான். மழைக்காலத்தில் சேற்றுப்புண் வந்தால் அத்தான் உட்கார்ந்து விரல் இடுக்கில் மருந்து போட்டுவிடுவார்.

அவளுக்கு வந்தது தளர்வு. அப்பா போன பிறகு ஒரு வருஷம், காலையில் எழுந்து வைக்கிற முதல் நாலைந்து அடியில் தொடையில் சுரீர் என்று வலி. நடக்க நடக்கச் சரியாகிவிடும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி. எழுந்ததும் வலித்துப் பிறகு விடுகிற அந்த வலிதான் தளர்வின் அடையாளம் என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரேயில் சிமென்டுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. பழைய கீல் மூட்டு முன்னும் பின்னும்தான் அசையும். நடக்கும்போது கால் தானாகக் கொஞ்சம் திரும்பப் பார்க்கும்; திரும்ப வழியில்லாத அந்த முறுக்கு எல்லாம் தண்டின் மேல் ஏறும். இருபது வருஷம் ஏறி ஏறிப் பிடி விட்டிருந்தது. இப்போது வருகிற மூட்டுகளில் திரும்புவதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அதனால் தளர்வு குறைந்திருக்கிறது.

இரண்டாவது பெரிய ஆபரேஷன் முதலாவதைவிட நேரம் பிடித்தது. பழைய சிமென்டைத் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுக்க வேண்டும், மெலிந்த எலும்பு நொறுங்காமல். இந்தத் தடவை நிலம் எதுவும் விற்கவில்லை. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பகுதி கிடைத்தது. மீதிக்கு அத்தான் கடையில் முன்பணம் வாங்கினார். கழற்றிய பழைய மூட்டை டாக்டர் காட்டினார். ஒரு பக்கம் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அப்பா இருந்திருந்தால் கையில் வாங்கி எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்திருப்பார். நான் அதைத் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புது மூட்டின் பெட்டி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை, கம்பெனிப் பெயர், அளவு, எண் எல்லாம் இருப்பதை, நர்ஸிடம் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் ஒட்டினேன்.

இப்போது அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தாங்கித் தாங்கி இடது முட்டியும் தேய ஆரம்பித்திருக்கிறது. வெளியே போனால் கைத்தடி எடுக்கிறாள். இன்னொரு தடவை தளர்ந்தால் தண்டு இறக்க எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொரு வருஷமும் அளந்து எழுதுகிறார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, மாதச் செலவுக் கணக்கைக் கேட்கிற முகத்தோடு தலையாட்டுகிறாள்.

போன தடவை ஓபியில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். அன்றைக்கு அக்காவுக்கு இருந்த அதே வயது, அதே கட்டி, அதே வலது கால். இப்போது இந்தக் கட்டியைச் சுருக்கி இறுக வைக்க டெனோசுமாப் என்ற ஊசி இருக்கிறது, 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவளுக்கு அதைப் போட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் அம்மா வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்தான் அக்காவின் கைத்தடியைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷம் தாங்கும்க்கா?"

"எனக்கு முதல்ல வச்சது இருபது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. உனக்கு வைக்கிறது அதைவிட நல்ல சாமான். ஆனா கூடக் கொறைய ஆகும், அதுக்குத் தயாரா இரு. வலிக்கலைன்னு வராம இருந்துடாதே, அதான் முக்கியம். பெட்டியில ஒட்டியிருக்கிற சீட்டைக் கேட்டு வாங்கி வச்சுக்க. பொண்ணு பார்க்க வந்தா எக்ஸ்ரேயைக் காட்டிடு, ஒளிக்காதே. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கில்ல வீட்டுல?"

"இருக்குக்கா."

"அப்ப பாதிக் கஷ்டம் இல்ல உனக்கு."

அந்தப் பெண் அக்காவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்கிற வீடியோவை அனுப்பினாள். போன வாரம் அவள் கேட்டது, ஆறு மாதம் கழித்து ஸ்கூட்டி ஓட்டலாமா என்று. அக்கா ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள். "முதல்ல உங்க டாக்டரைக் கேளு. அவர் சரின்னா, உசரம் கம்மியான வண்டியா பார்த்து வாங்கு. நிறுத்தும்போது இடது காலை ஊணு. நான் அப்படித்தான் பத்து வருஷம் ஓட்டினேன்."